மலையேறும் காரில் மஞ்சள் விளக்கு: பெட்ரோல் ஆவிக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கம்பத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ கேரளத்து மலையில் உள்ள சக்குபள்ளத்துக்கு ஏறி வருகிறீர்கள். மறுநாள் காலையில் காரைக் கிளப்பினால் மீட்டர் போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. அணையவே இல்லை. வண்டியோ வழக்கம்போல ஓடுகிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள். அசையாமல் நின்று எரிந்தால் அவசரம் இல்லை, வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். விட்டுவிட்டு மினுக்கினால் கதை வேறு. எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியே போகிறது என்று பொருள். அப்படியே மலையேற்றினால் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுவிடும். அது விலை கூடிய பாகம். ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தாலும் உடனே நிறுத்தத்தான் வேண்டும்.

இந்தக் கட்டுரை மினுக்காமல் நின்று எரியும் மஞ்சள் விளக்கைப் பற்றியது. அதிலும் பெட்ரோல் ஆவியை அடக்கும் அமைப்பில் கோளாறு வந்து எரிகிற விளக்கைப் பற்றி மட்டும்.

என் வண்டி ஜீப்பாயிற்றே, எனக்கும் இது வருமா? டீசல் வண்டி என்றால் வராது. விடியற்காலையில் ஏலத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும் ஜீப்புகள் பெரும்பாலும் டீசல்தான். டீசல் பெட்ரோலைப் போலச் சுலபமாக ஆவியாவதில்லை. அதனால் டீசல் வண்டியில் இந்த அமைப்பே வைப்பதில்லை. உங்கள் டீசல் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் காரணம் வேறு. யாராவது "ஆவி பிடிக்கும் கேனிஸ்டர் போயிருக்கும், மாற்ற வேண்டும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பெட்ரோல் கார் என்றால் இந்த அமைப்பு கட்டாயம் இருக்கும். அது என்ன வேலை செய்கிறது?

டேங்கில் இருக்கும் பெட்ரோல் வண்டி ஓடும்போதும் நிற்கும்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி காற்றில் கலந்து வெயில் பட்டால் மூச்சுக்குக் கெடுதலான புகைமூட்டம் உண்டாகிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1940-களில் இதனால் கண் எரிந்து தவித்தது. கலிஃபோர்னியா மாநிலம் 1970-ஆம் ஆண்டு மாடல் கார்களில் இருந்து ஆவியைப் பிடித்து வைக்கச் சொன்னது. அந்த ஏற்பாடுதான் இன்று உங்கள் காரிலும் இருக்கிறது.

ஏற்பாடு எளிமையானதுதான். டேங்கில் இருந்து ஒரு குழாய் கேனிஸ்டருக்குப் போகிறது (கேனிஸ்டர் என்பது ஆவியை உறிஞ்சும் கரித்துண்டுகள் நிரம்பிய டப்பா). கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எஞ்சின் சூடாகி நன்றாக ஓடும் நேரம் பார்த்து, பர்ஜ் வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் சிறிய அடைப்பு) திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சு விசை கேனிஸ்டரில் இருந்து ஆவியை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆவி வீணாகாமல் எஞ்சினுக்குள் எரிகிறது. கேனிஸ்டரின் இன்னொரு வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும், சுத்தமான காற்று அதன் வழியாக உள்ளே வரும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்வது எஞ்சின் கணினி (மெக்கானிக்குகள் இ.சி.எம். என்பார்கள்).

நம் மலையில் இந்த அமைப்புக்கு வேலை கொஞ்சம் கூடுதல். கம்பத்தில் இருந்து சக்குபள்ளம் பக்கம் வரும்போது ஏறத்தாழ 500, 600 மீட்டர் உயரம் ஏறுகிறோம். அதற்குள் காற்றழுத்தம் நூற்றுக்கு ஆறேழு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். டேங்குக்குள்ளும் அதுதான் நடக்கிறது. கம்பத்து வெயிலில் சூடான பெட்ரோல், மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, இன்னும் வேகமாக ஆவியாகிறது. அவ்வளவும் கேனிஸ்டருக்குத்தான் போகிறது.

அதனாலேயே விளக்கு எரிந்துவிடுமா? எரியாது. இவ்வளவு ஏற்றத்தைத் தாங்கும்படிதான் அமைப்பைச் செய்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

இனி, பலரும் கேள்விப்பட்ட யோசனைக்கு வருவோம். "பெட்ரோல் மூடியைக் கழற்றி இறுக்கமாகப் போடு, விளக்கு அணைந்துவிடும்." செல்போனில் பார்க்கும் வீடியோக்களில் பாதி இதைத்தான் சொல்கின்றன. இது உண்மையா?

அமெரிக்காவில் உண்மை. அங்கே 1996-ல் இருந்து கார்கள் தங்கள் ஆவி அமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். முதலில் 1 மில்லிமீட்டர் அகல ஓட்டை வரை கண்டுபிடிக்க வேண்டும் என்றிருந்தது. 2000-த்தில் இருந்து படிப்படியாக அரை மில்லிமீட்டர் ஆக்கினார்கள். மூடி சற்றுத் தளர்ந்தாலே அங்கே விளக்கு எரியும். நியூஜெர்சியில் இருக்கும் உங்கள் மருமகன் இந்த யோசனையைச் சொன்னால் அவர் கார் அளவில் அது சரி.

நம் நாட்டுச் சட்டம் ஐரோப்பிய முறையைப் பின்பற்றுகிறது. அந்த முறையில் ஓட்டையைத் தேடும் கட்டாயம் இல்லை. பர்ஜ் வால்வுக்குப் போகும் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று கணினி பார்த்தால் போதும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.6 கார்களுக்கும் இதே வழிதான். ஓட்டையையும் சேர்த்துச் சோதிக்கும் கார் ஒன்றிரண்டு இருக்கலாம். ஆனால் இங்கே ஓடும் சாதாரண கார்களில் மூடி தளர்ந்ததற்காக விளக்கு எரிவது அபூர்வம். மூடியை இறுக்கிப் பாருங்கள், காசா பணமா. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். புது மூடி வாங்கவும் ஓடாதீர்கள்.

அப்படியானால் எங்கே தேடுவது? முதலில் கோளாறு எண்ணைப் படிக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேலே, 16 ஊசி கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கணினி எழுதி வைத்திருக்கும் கோடு (கோளாறுக்கான எண்) தெரியும். குமுளியிலோ கட்டப்பனையிலோ கம்பத்திலோ ஸ்கேனர் வைத்திருக்கும் வொர்க்ஷாப்பில் பார்த்துக்கொள்ளலாம். போனோடு ப்ளூடூத்தில் இணையும் சிறிய ஸ்கேனர்கள் சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கின்றன. தோட்டத்துக்குள் வீடு, வொர்க்ஷாப்போ தூரம் என்றால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்ல செலவு என்பேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கோடை அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "கிளியர் பண்ணிட்டேன், இனி வராது" என்று சொல்லும் இடத்தில் என்ன எண் வந்தது என்று கேளுங்கள். கோடோடு சேர்த்து, கோளாறு வந்த நொடியில் வண்டியின் வேகம், எஞ்சின் சூடு போன்ற விவரங்களும் கணினியில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

எந்த எண் என்ன சொல்கிறது? பி0440-ல் இருந்து பி0459 வரை வரும் எண்கள் எல்லாம் ஆவி அமைப்பைச் சேர்ந்தவை. இங்கே நாம் அதிகம் பார்க்கக்கூடியவை பி0443, பி0444, பி0445, பி0458, பி0459. ஐந்தும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: பர்ஜ் வால்வின் மின்சுற்று. 0444 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. 0445 என்றால் எங்கோ ஷார்ட் ஆகிறது. 0458 மின்னழுத்தம் குறைவு, 0459 அதிகம். பி0441 என்றால் ஆவி வர வேண்டிய அளவில் வரவில்லை. பி0442, பி0455, பி0456, பி0457 ஆகியவை ஓட்டையைப் பற்றியவை. அவை ஓட்டை சோதிக்கும் கார்களில்தான் வரும்.

பி0443 வந்தால் பர்ஜ் வால்வை மாற்றிவிடலாமா? இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. கணினி வால்வைப் பார்ப்பதில்லை. வால்வுக்குப் போய்வரும் மின்சாரத்தை மட்டுமே பார்க்கிறது. வால்வுக்குள் உள்ள கம்பிச்சுருள் எரிந்தாலும் அதே எண் வரும், வயர் அறுந்தாலும் வரும், கப்ளரில் (வயரை இணைக்கும் பிளாஸ்டிக் பூட்டு) களிம்பு பிடித்தாலும் வரும். சில கார்களில் ஒரு ஃபியூஸ் போனாலும் வரும். புது வால்வு போட்டு இரண்டு நாளில் அதே விளக்கு எரிந்தால், பழைய வால்வு நன்றாகத்தான் இருந்தது என்று அப்போதுதான் தெரியும்.

அதனால் விலை குறைந்த இடத்தில் இருந்து தொடங்குங்கள். எஞ்சின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து, பர்ஜ் வால்வின் கப்ளரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் அது எஞ்சினின் மேல் பக்கத்திலேயே இருக்கும், இரண்டு குழாயும் இரண்டு வயரும் வந்து சேரும் சிறிய கறுப்பு டப்பா. கப்ளருக்குள் பச்சை நிறத்தில் பூத்திருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. ஜூனில் தொடங்கி மாதக்கணக்கில் பெய்யும் நம் பக்கத்து மழைக்கு இது சாதாரணம். மின் இணைப்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடித்துத் துடைத்து, ஊசியைச் சரிசெய்து மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

அடுத்து, வயர் போகும் வழி முழுவதையும் பார்க்க வேண்டும். எலியைத் தேடுங்கள். தோட்டத்து ஷெட்டில் இரவு நிற்கும் காரின் எஞ்சின் சூட்டைத் தேடி எலி வரும். வயரையும் கடிக்கும், ஆவிக் குழாயையும் கடிக்கும். புழுக்கையோ கடித்த தூளோ கிடந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

இவை சரியாக இருந்தால்தான் வால்வுக்கு வர வேண்டும். கழற்றிய வால்வின் இரண்டு ஊசிகளுக்கு நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தால் பல கார்களில் சுமார் 20 முதல் 35 ஓம் வரை காட்டும் (ஓம் என்பது மின்தடையின் அளவு). உங்கள் காருக்கு உரிய அளவு அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது, வால்வை மாற்றத்தான் வேண்டும். மீட்டர் இல்லையா? மெக்கானிக் 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கட்டும். 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். மின்சாரம் இல்லாதபோது ஒரு முனையில் ஊதினால் காற்று மறுமுனைக்குப் போகக் கூடாது, மின்சாரம் கொடுத்தால் போக வேண்டும். ஊதுவதைத் தனியாக ஒரு சிறு குழாய் மாட்டித்தான் செய்ய வேண்டும். உள்ளே பெட்ரோல் இருக்கும், நேராக வாய் வைக்காதீர்கள்.

விளக்கே எரியாமலும் இந்த வால்வு கெடலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்சுற்று நன்றாக இருந்து, வால்வு மட்டும் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கணினிக்கு நேரடியாகத் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரியும். பங்கில் டேங்கை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வண்டி அடம்பிடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தபடி இரண்டு மூன்று முறை சுற்றினால்தான் கிளம்பும், கொஞ்ச தூரம் போனதும் ஒழுங்காகிவிடும். பெட்ரோல் நிரம்பும்போது டேங்கில் இருந்த ஆவியெல்லாம் தள்ளப்பட்டு, திறந்து கிடக்கும் வால்வு வழியாக எஞ்சினுக்குள் புகுவதால் வரும் தொல்லை இது.

இந்த அறிகுறியைப் பலர் "பங்கில் கலப்படப் பெட்ரோல்" என்று நினைத்துப் பங்கை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எந்தப் பங்கில் நிரப்பினாலும் நிரப்பியவுடன் மட்டும் இப்படி ஆகிறதென்றால் பெட்ரோல் மீது சந்தேகம் வேண்டாம், வால்வைப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது எஞ்சின் ஓட்டம் ஏறி இறங்குவதும் இதனால் வரலாம். சில நாள் கழித்து விளக்கு எரிந்தாலும் ஆவிக்குரிய எண் வராமல் பி0171 (பெட்ரோல் பங்கு குறைவு) அல்லது பி0172 (பெட்ரோல் பங்கு அதிகம்) என்று வரலாம். அந்த எண்ணைப் பார்த்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னால், அதற்கு முன் ஒரு சோதனை கேளுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, வால்வில் கேனிஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி அந்த வாயில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் உறிஞ்சவே கூடாது. விரலை இழுத்தால் வால்வு மூடவில்லை.

பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டுமா? மலையேறி வந்தவுடன் திறந்தால் சிறிது காற்று வெளியேறுவது இயல்பு. மாறாக, ஒவ்வொரு முறையும் டேங்க் காற்றை உள்ளே வலுவாக இழுத்தால் கேனிஸ்டரின் வெளிக்காற்று வாய் அடைபட்டிருக்கலாம். சேறும் தூசியும் அடைக்கும், குளவி மண் கூடு கட்டியும் அடைக்கும். பூச்சியா என்று சிரிக்க வேண்டாம். மஸ்டா நிறுவனம் 2011-ல் அமெரிக்காவில் சுமார் 52,000 'மஸ்டா 6' கார்களைத் திரும்ப அழைத்தது, 2014-ல் இன்னொரு முறை 42,000 கார்களை அழைத்தது. பெட்ரோல் வாசனை பிடித்த ஒருவகை மஞ்சள் சிலந்தி அந்தக் காற்றுக் குழாயில் வலை பின்னி அடைத்ததுதான் காரணம். காற்று உள்ளே வர வழியில்லாமல் டேங்கில் விரிசல் விழும் ஆபத்து இருந்தது.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைக்கும் இடம். கேனிஸ்டரைக் கெடுப்பது பெரும்பாலும் நாமே.

கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவு. 2023 ஏப்ரல் 1 முதல் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்த்த பிறகு வித்தியாசம் இன்னும் கூடியது. ஆகவே போடிக்கோ கம்பத்துக்கோ போனால் டேங்கை முட்ட முட்ட நிரப்பி வருவது எல்லைப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பங்கில் நாசில் 'டப்' என்று தானாக நின்ற பிறகும், வண்டியை ஆட்டி ஆட்டி இன்னும் ஒரு லிட்டர், கழுத்து வரை. மிச்சம் பிடிக்கும் எண்ணம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கடைசி லிட்டர் மிச்சத்தைத் தின்றுவிடுகிறது.

எப்படி? நாசில் தானாக நின்ற பிறகு டேங்கில் மீதியிருக்கும் இடம் வீணாக விட்ட இடமல்ல. சூட்டில் பெட்ரோல் பெருகவும் ஆவி நிற்கவும் விட்டுவைத்த இடம். அதையும் நிரப்பிவிட்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு வளைவு வளைவாக மலையேறினால், ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே திரவமாகப் போகக்கூடும். கரி ஆவியைப் பிடிக்கத்தான் செய்யப்பட்டது, பெட்ரோலில் ஊறினால் அதன் பிடிக்கும் சக்தி போய்விடும். சில சமயம் கரி பொடிந்து குழாய் வழியாக வந்து பர்ஜ் வால்வில் சிக்கிக்கொள்ளும். வால்வு மூடாமல் நிற்கும். வால்வை மாற்றினால் புது வால்விலும் அதே பொடி வந்து சேரும். கழற்றிய வால்வைத் தட்டிப் பாருங்கள். கறுப்புத் தூள் விழுந்தால் கேனிஸ்டரையும் மாற்ற வேண்டிய நிலை. தூள் இல்லை, பெட்ரோலில் ஊறவும் இல்லை என்றால், வெறும் எண்ணை மட்டும் பார்த்து கேனிஸ்டரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். பொதுவாக அது வால்வைவிட விலை கூடியது.

நாசில் முதல் முறை நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். காசை முழு நூறாக்க வேண்டும் என்றால் தொடங்கும்போதே தொகையைச் சொல்லிவிடுங்கள்.

விளக்கு எரிந்தபடியே எத்தனை நாள் ஓட்டலாம்? ஆவிக் கோளாறு மட்டும்தான் என்று கோடைப் பார்த்து உறுதியாகிவிட்டால், புட்டடியில் ஏலக்காய் ஏலத்துக்குப் போய்வரவோ, பிள்ளைகளைப் பள்ளியில் விடவோ தயங்க வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் விடாதீர்கள். எரிகிற விளக்கு ஒன்றுதான். அதற்கிடையில் வேறு பெரிய கோளாறு வந்தாலும் புதிதாக எரிய இன்னொரு விளக்கு இல்லை.

ஒரே ஒரு நிலையில் ஓட்டக் கூடாது: பெட்ரோல் வாடை வந்தால். காருக்குள்ளோ, நிறுத்திய இடத்திலோ தொடர்ந்து வாடை அடித்தால் ஆவியோ பெட்ரோலோ கசிகிறது. மூடிய ஷெட்டில் நிறுத்தாதீர்கள். பக்கத்தில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்பு எரிகிற இடமாக இருந்தால் இன்னும் கவனம். கசிவைத் தேட லைட்டரோ தீக்குச்சியோ வேண்டவே வேண்டாம். வொர்க்ஷாப்பில் இதற்கென்றே ஆவிக் குழாய்க்குள் மெல்லிய புகையைச் செலுத்தி, எங்கே வெளிவருகிறது என்று பார்க்கும் கருவி உண்டு.

கோளாறைச் சரிசெய்துவிட்டேன், விளக்கு இன்னும் எரிகிறதே? ஸ்கேனரால் கோடை அழித்தால் உடனே அணையும். அழிக்காவிட்டாலும், கோளாறு மறுபடி வராமல் மூன்று முறை வண்டி ஓடி, ஒவ்வொரு முறையும் கணினியின் சோதனை முடிந்தால் விளக்கு தானாக அணைந்துவிடும். எண் மட்டும் நினைவில் இருக்கும். எஞ்சின் 40 முறை குளிர்ந்து சூடான பிறகு அதுவும் அழியும். பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் வித்தையால் கோளாறு போகாது.

புகைச் சான்றிதழ் எடுத்தேனே, அப்போது தெரியவில்லையே என்று கேட்கலாம். அந்தச் சோதனை புகைக்குழாயில் வருவதை மட்டும் அளக்கிறது. டேங்கில் இருந்து தப்பும் ஆவியை அது பார்ப்பதில்லை.

ஸ்கூட்டர், பைக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பி.எஸ்.6 இருசக்கர வண்டிகளிலும் சிறிய கேனிஸ்டரும் மஞ்சள் விளக்கும் இருக்கின்றன. "இது எதற்கு, அடைசல்" என்று கேனிஸ்டர் குழாயைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. திறந்த முனை வழியாகக் கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் போனால் வண்டி நிற்கும்போது ஒழுங்காக ஓடாது, மைலேஜும் குறையலாம். கழற்றியிருந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள்.

பழைய பெட்ரோல் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் சாவியைப் போட்டு, கிளப்புவதற்கு முன் மீட்டர் போர்டைப் பாருங்கள். எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், கிளப்பியதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் விளக்கை யாரோ துண்டித்திருக்கலாம். எரிந்து அணைந்தாலும் ஸ்கேனர் வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். விற்பதற்கு முந்தைய நாள் கோடை அழித்திருந்தால், சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனரே காட்டிக்கொடுத்துவிடும்.